இமேஜ்மேஜிக்கும் விப்ஸும்: படக்கட்டுகளைச் சுருக்கும் இரு கருவிகள்

ஆயிரம் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, சுருக்கி, சேமித்தால் ஒரு நாள் போய்விடும். டெர்மினலில் ஒரே வரிக் கட்டளை அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். அதை இமேஜ்மேஜிக்கிடம் கொடுப்பதா, விப்ஸிடம் கொடுப்பதா? இரண்டும் எதற்காகப் பிறந்தன என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

இமேஜ்மேஜிக் 1987-ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி எழுதியது. 256 நிறங்களே காட்டும் திரையில் கோடிக்கணக்கான நிறங்கள் கொண்ட படத்தைக் காட்ட வேண்டியிருந்தது. எதையும் வாங்கி எதுவாகவும் மாற்றித் தரும் அந்தக் குணம் இன்றுமுண்டு. இருநூறுக்கு மேற்பட்ட கோப்பு வடிவங்களை அது படிக்கும். விப்ஸோ வாசாரி என்ற ஐரோப்பியத் திட்டத்தில், ஓவியங்களை மிக நுணுக்கமாகப் பதிவு செய்யும் பணிக்காக உருவானது. அன்றைய கணினியின் நினைவகத்தில் அந்தப் படங்கள் அடங்கா. அதனால் அது படத்தைத் துண்டு துண்டாக வாங்கி, முடித்து, வெளியே தள்ளப் பழகியது.

விப்ஸ் வேகத்தில் முந்துவது இங்கேதான். இமேஜ்மேஜிக் பொதுவாக முழுப் படத்தையும் நினைவகத்தில் விரிக்கும். நிறத்துக்கு 16 பிட் என்றால், 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்ட ஒரே படத்துக்கு மூன்று நிறங்களுக்குமாகக் குறைந்தது 144 மெகாபைட் வேண்டும். சிறுபடம் எடுக்கும் விப்ஸ்தம்ப்நெயில் கட்டளை ஜேபெக் கோப்பைத் திறக்கும்போதே பாதி, கால், அரைக்கால் அளவில் விரித்துக்கொள்ளும். இமேஜ்மேஜிக்கும் இதைச் செய்யும். ஆனால் நாம் தனியாகச் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பிலும் விப்ஸ்தான் முந்துகிறது. விப்ஸ்தம்ப்நெயில் கோப்பின் பெயருக்கு முன் 'டிஎன்' என்று சேர்த்துப் புதுக் கோப்பு எழுதும். இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளை, அளவை மட்டும் மாற்றச் சொன்னால், மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். திருமணப் படங்கள் அப்படிச் சுருங்கினால் மீட்க வழியில்லை.

எழுத்துப் பொறிப்பது, அபூர்வ வடிவங்களைத் திறப்பது போன்றவற்றுக்கு இமேஜ்மேஜிக்தான் வசதி. விப்ஸே தனக்குத் தெரியாத கோப்பை அதனிடம் கொடுத்துப் படிக்கும். ஆயிரக்கணக்கான ஜேபெக் படங்களைச் சுருக்க மட்டும் என்றால் என் கை விப்ஸைத்தான் எடுக்கும். மோக்ரிஃபையைத் தொடுபவர்கள், தயவுசெய்து முதலில் வேறொரு கோப்புறையை உருவாக்கி, 'பாத்' விருப்பத்தில் அதன் பெயரைக் கொடுத்த பிறகே என்டரை அழுத்துங்கள்.