காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு

நம் அப்பா, அம்மா காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர ஒரே ஒரு நுழைவுத் தேர்வுதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் வா. பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. ஹெட்மாஸ்டரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வார். நம் ஊர்ப் பெரியவர்கள் பல பேருக்கு சர்ட்டிபிகேட்டில் ஜூன் மாதப் பிறந்த நாள் இருப்பதன் ரகசியம் இதுதான் :-)

சிரிப்பாக இருந்தாலும் அதில் ஒரு விஷயம் உண்டு. காலண்டரைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் வந்து சேர்ந்தவனை யாரும் ஃபெயில் ஆனவன் என்று சொன்னதில்லை.

இந்தப் பழங்கதையை நான் தோண்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் என் மகள். டௌன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. நாங்கள் மும்பையில் இருக்கிறோம். நவம்பரில் அவளுக்கு நாலு வயது முடிகிறது. மகாராஷ்டிர அரசின் கணக்கில் டிசம்பர் 31க்குள் நாலு முடிந்தால் இந்த ஜூனிலேயே ஜூனியர் கே.ஜி. போகலாம். அனுப்புவதா, ஒரு வருஷம் தள்ளிப் போடுவதா? மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சு. "பச்சைப் புள்ளய ஏன் இப்படி வெரட்டறீங்க? நாங்கல்லாம் என்ன எல்.கே.ஜி.யா படிச்சோம்?" என்கிறார் மாயவரத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார். "இல்லம்மா, மத்த பிள்ளைங்களோட இருந்தாத்தான் பேச்சு வரும்" என்கிறார் கணவர். நான் நடுவில். சரி, இந்த வயதுக் கணக்கை முதலில் யார் போட்டது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி எனக்கே ஆச்சரியம்.

ஐந்து வயது என்பது நமக்கு ரொம்பப் பழைய கணக்கு. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைப் பற்றி விவரம் கேட்டார். பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் 1823ல் அனுப்பிய அறிக்கை புகழ்பெற்றது. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் வாத்தியார் வீட்டுக்கு வருவார், பிள்ளையார் பூஜை நடக்கும், பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்கள் என்று அதில் இருக்கிறது. விஜயதசமியன்று நாம் இன்றைக்கும் செய்வதுதான். சேர்ந்த பிறகு மேல் பிள்ளைகள் கீழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இந்த முறையை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 வாக்கில் சென்னை எழும்பூர் அநாதை விடுதியில் நடத்திப் பார்த்து, இங்கிலாந்துக்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று கொண்டு போனார். திண்ணைப் பள்ளிக்கூடத்தை நான் கொண்டாட வரவில்லை. பெண் பிள்ளைகளுக்கும் பல சாதிகளுக்கும் அங்கே இடமில்லை, அடி உதைக்கும் குறைவில்லை. ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகள் முப்பது பேரை ஒரே நாளில் ஒரே பாடத்தில் உட்கார வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. அது பின்னால் வந்தது.

கிண்டர்கார்டன் ஜெர்மனியில் பிறந்தது. ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல் 1837ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்காக ஓர் இடம் தொடங்கி, 1840ல் அதற்குக் 'குழந்தைகள் தோட்டம்' என்று பெயர் வைத்தார். பந்து, மரக்கட்டை, பாட்டு, நிஜமாகவே ஒரு தோட்டம். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது அவர் நோக்கமே இல்லை. 1851ல் பிரஷ்ய அரசு, இது நாத்திகம் வளர்க்கும் இடம் என்று சொல்லித் தடை போட்டது. அடுத்த வருஷம் ஃப்ரோபல் இறந்தார். தடை நீங்கியது 1860ல்தான். இன்றைக்கு எல்.கே.ஜி. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

அடுத்த கதைதான் நம் வீட்டுக் கதை. மரியா மாண்டிசோரி 1896ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். ரோம் நகரத்து மனநல மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்தார். இவர்களுக்குத் தேவை மருந்து இல்லை, கல்வி என்று அவருக்குப் பட்டது. இதார், செகுவான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதியதைப் படித்து, தொட்டுப் பார்த்துக் கற்கும் பொருள்களை உருவாக்கினார். 1900ல் ரோமில் இந்தக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் அவற்றைப் பயன்படுத்தினார். அவரிடம் படித்த சில பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. அவருக்கு வந்த யோசனை வேறு: இவர்கள் இவ்வளவு தூரம் வர முடியும் என்றால், சாதாரணப் பிள்ளைகள் பின்தங்கி நிற்பது ஏன்? 1907 ஜனவரியில் சான் லோரென்ஸோ என்ற ஏழைப் பேட்டையில் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

1939ல் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பில் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியாமல், போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1946ல்தான் ஐரோப்பா திரும்பினார். நம் ஊரில் தெருவுக்குத் தெரு மாண்டிசோரி போர்டு தொங்குகிறதே, அதன் வேர் இந்த அடையாறு, கொடைக்கானல் வருஷங்களில் இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இன்று பிளே ஸ்கூலில் இருக்கும் உருளைகள், பட்டன் போடும் சட்டம், சொரசொரப்பு எழுத்து அட்டை இவற்றின் மூலம் என் மகளைப் போன்ற குழந்தைகளுக்காக யோசித்த பொருள்கள். அதே பொருள்களை அலமாரியில் வைத்திருந்த ஒரு பள்ளியில், என் மகளைப் பார்த்துவிட்டு, "இங்கே அவளுக்கு ஒத்து வராது" என்றார்கள். அன்று எனக்கு இந்தச் சரித்திரம் தெரியாது.

பிள்ளைகளை வரிசைப்படுத்தும் அளவுகோலும் அதே காலத்தில் வந்தது. பிரெஞ்சு அரசு 1904ல் ஒரு குழு போட்டது. எந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று கண்டுபிடிக்க ஆல்ஃப்ரெட் பினே, சிமோன் இருவரும் 1905ல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலைத் தந்தார்கள். உதவி செய்யத்தான் பினே அதை உருவாக்கினார். அறிவு மாறாத அளவு என்ற பேச்சை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அமெரிக்கா போனதும் அதே அளவுகோல் ஆட்களைத் தரம் பிரித்து ஒதுக்கும் கருவியாகிவிட்டது. ஐ.க்யூ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. கோகலே 1911ல் கொண்டு வந்த கட்டாயக் கல்வி மசோதா 6 முதல் 10 வயதுப் பையன்களுக்கு. அடுத்த வருஷம் அது தோற்றது. சிறப்புக் குழந்தைகளுக்குப் பெற்றோரே வழி போட வேண்டியிருந்தது. மும்பையில் 1944ல் ஜெய் வக்கீல் பள்ளி. 1972ல் மிது அலூர் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி. சென்னையில் 1985ல் பூனம் நடராஜன் தொடங்கிய, இன்று வித்யாசாகர் என்று பெயர் பெற்ற பள்ளி. அரசு பக்கம், 1974ல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம், 1995ல் ஊனமுற்றோர் சட்டம், 2010 ஏப்ரலில் அமலான கல்வி உரிமைச் சட்டம், 2012ல் அதில் சிறப்புக் குழந்தைகளைத் தனியார் பள்ளி 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்த்த திருத்தம், 2016ல் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்த புதிய சட்டம். சேர்க்கைக்குப் பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கட்டாயம் 6 வயதில்தான் தொடங்குகிறது. கே.ஜி. வருஷங்களில் பெற்றோர் சாமர்த்தியம்தான்.

சரி, வயதுக் கணக்கு. வேலை மாறி மாநிலம் மாறும் நம்மைப் போன்றவர்களுக்கு இது முக்கியம். தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் 5 முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. மகாராஷ்டிராவில் டிசம்பர் 31க்குள் 6. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31க்குள் 6. என் மகள் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிராவிலும் ஐந்தரை வயதைத் தாண்டியதுமே ஒன்றாம் வகுப்புக்குப் போவாள். கேந்திரிய வித்யாலயாவில் ஆறேகால் தாண்டித்தான். அதே பிள்ளை, அதே மூளை! மகாராஷ்டிராவிலேயே 2020 வரை கணக்கு செப்டம்பர் 30 என்று இருந்தது. அது மாறாமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் இந்த விவாதமே நடந்திருக்காது. அவள் இயல்பாகவே அடுத்த வருஷக் கூட்டத்தில் இருந்திருப்பாள்.

இன்னொன்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வருஷம் நிறுத்தினால் அவள் வகுப்பிலேயே பெரியவள் ஆகிவிடுவாளே என்ற கவலை. அந்த வகுப்பில் ஜனவரியில் பிறந்த பிள்ளை இருந்தால் இவளுக்கும் அதற்கும் இரண்டே மாத வித்தியாசம்.

அப்படியென்றால் நிறுத்துவதே நல்லதா? அவசரப்படாதீர்கள். பிள்ளையை ஒரு வருஷம் நிறுத்தி அனுப்புவது அமெரிக்காவில் பல காலமாக உள்ள வழக்கம். பொதுவாக அந்த வயது மூப்பின் லாபம் சில வகுப்புகளில் கரைந்துவிடுகிறது என்கிறார்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைப் பற்றி வட கரோலினாவில் செய்த ஓர் ஆய்வில், நிறுத்தி அனுப்பியவர்கள் மூன்றாம் வகுப்பில் முன்னால் இல்லை, பின்தங்கியே இருந்தார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. வகுப்பில் ஆகச் சின்னப் பிள்ளைகளுக்கு 'கவனக்குறைவு நோய்' என்று முத்திரை விழுவது அதிகம் என்று 2018ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. சின்னப் பிள்ளையின் சின்னத்தனத்தையே நோய் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரு வருஷம் என்பது மருந்து இல்லை. அந்த வருஷத்தில் என்ன நடக்கப் போகிறது என்பதுதான் கேள்வி. வீட்டில் டி.வி. முன்னால் கழியும் ஒரு வருஷம் நஷ்டம். தெரபியும் மற்ற பிள்ளைகளும் உள்ள ஒரு வருஷம் லாபம்.

எங்கள் முடிவு இது. ஜூனியர் கே.ஜி. இந்த வருஷம் இல்லை. வீட்டிலும் இல்லை. 12 பிள்ளைகள் மட்டும் உள்ள ஒரு நர்சரியில் இன்னொரு வருஷம். மதியம் ஸ்பீச் தெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும். ஏ.பி.சி.டி. பற்றிக் கவலை இல்லை. பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும், பத்து நிமிஷம் கூட்டத்தோடு உட்கார வேண்டும், எங்களைத் தவிர வேறொரு பெரியவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் டிசம்பரில் டீச்சரோடு உட்கார்ந்து பார்ப்போம். இன்னொன்றும் எழுதி வைத்துக்கொண்டோம்: தள்ளிப் போடுவது ஒரே ஒரு தடவைதான். மூன்றும் வரவில்லை என்றாலும் அடுத்த ஜூனில் கே.ஜி. உண்டு. அப்போது பள்ளியிடம் கூடுதல் உதவி கேட்போம். மாமியாருக்குப் பாதி வெற்றி, கணவருக்குப் பாதி வெற்றி.

உங்கள் வீட்டில் முடிவு வேறாக இருக்கலாம், பிள்ளை வேறு. ஆனால் முடிவு எடுப்பதற்கு முன் காது, கண், தைராய்டு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். டௌன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு இவற்றில் கோளாறு சகஜம். காது சரியாகக் கேட்காத பிள்ளையை 'இன்னும் தயாராகவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். ஆரம்ப நிலைப் பயிற்சிக்கு மும்பை பாந்த்ராவில் அலி யாவர் ஜங் நிறுவனமும், சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. மாற்றல் வேலைக்காரர்கள் கேந்திரிய வித்யாலயாவையும் விசாரியுங்கள். சிறப்புக் குழந்தைகளுக்கு அதிகபட்ச வயதில் இரண்டு வருஷம் தளர்வு தர விதியில் இடமுண்டு.

கடைசியாக ஒன்று. "குழப்பமாக இருக்கும், வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் டௌன் சிண்ட்ரோம் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், அதனால் பேச்சு பின்தங்குவதாகக் காணவில்லை. பாட்டியோடு பேச அவளுக்குத் தமிழ் வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேருவதற்குத் தேதி மாறலாம், அரசாணை மாறலாம். அதுவரை அவள் யாரோடு, என்ன மொழியில் வளர்கிறாள் என்பது நம் கையில்தான் இருக்கிறது.