நூறைத் தாண்டிய கணக்கு

இரண்டு சதவீதங்களைக் கூட்டும்போது நூறைத் தாண்டினால், குறைந்தது தாண்டிய அளவுக்காவது யாரோ சிலர் இரண்டு தரம் எண்ணப்பட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வென்படம் போட்டுத் தீர்க்கும் கணக்குக்கு உயிர் இவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தின் வட்டங்களும், அவற்றைச் சுற்றியுள்ள பெட்டியும், உள்ளே எழுதும் சதவீதமும் ஒரே கையில் பிறந்தவை அல்ல.

வட்டத்துக்கு வயது அதிகம். பெர்லினில் இருந்த கணித மேதை ஆய்லர், 1760 முதல் 1762 வரை ஒரு ஜெர்மானிய இளவரசிக்குக் கடிதம் கடிதமாக அறிவியல் எழுதினார். தர்க்கத்துக்கு வந்தபோது வட்டம் போட்டுக் காட்டினார். எல்லா மனிதரும் உயிரினம் என்றால் சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்குள். சிலர் மட்டும் என்றால் இரண்டும் குறுக்கே வெட்டும். அவருக்கு முன்பே லைப்னிட்ஸ் வட்டம் வரைந்து பார்த்தவர்தான். ஆனால் ஊரறியச் செய்தவை 1768-இல் அச்சேறத் தொடங்கிய இந்தக் கடிதங்களே. எண் என்ற பேச்சே அவற்றின் வட்டங்களில் இல்லை. 'எல்லாம்', 'சில', 'எதுவுமில்லை', அவ்வளவுதான்.

1880 ஜூலையில் கேம்பிரிட்ஜின் ஜான் வென் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்ததை மட்டும் வரைந்தார் ஆய்லர். வென் அப்படியல்ல. சாத்தியமான எல்லா அறைகளையும் முதலில் வரைந்துவிட்டு, ஆளில்லாத அறையை நிழலிட்டு அடித்தார். இந்தத் தலைகீழ் வேலைதான் பின்னால் எண் எழுத வசதியானது.

சதவீதத்துக்கு எனக்குப் பிடித்த ஆளிடம் போக வேண்டும். 'ஆலிஸ்' கதை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியர். 1880-இல் ஒரு மாத இதழில் கதைக்குள் கணக்கை ஒளித்துத் தொடர் எழுத ஆரம்பித்தார். வாசகர்கள் விடை அனுப்புவார்கள், அவர் திருத்தித் தரம் போடுவார். 1885-இல் புத்தகமான அந்தத் தொடரில் போரில் அடிபட்ட பழைய படைவீரர்கள் வருகிறார்கள். 70 சதவீதம் பேருக்கு ஒரு கண் போயிற்று, 75 சதவீதத்துக்கு ஒரு காது, 80-க்கு ஒரு கை, 85-க்கு ஒரு கால். நான்கையும் இழந்தவர்கள் குறைந்தது எத்தனை சதவீதம்?

வட்டமே வேண்டாம். நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் மொத்த இழப்பு 310. ஆளுக்கு மூன்று வீதம் பங்கிட்டால் 300 தீர்ந்துவிடும். மிச்சம் 10 இழப்பு, எப்படிப் பிரித்தாலும், பத்துப் பேர் தலையில் நான்காவதாக விழுந்தே தீரும். ஆகவே குறைந்தது 10 சதவீதம். 'குறைந்தது' என்ற சொல்லைக் கவனியுங்கள். உண்மையில் 70 சதவீதம் வரைகூட இருக்கலாம். கொடுத்த தகவல் அதற்கு மேல் பேசாது. தகவல் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே விடை. இதைவிட நாணயமான கேள்வியை இந்த வகையில் நான் பார்த்ததில்லை.

பெட்டியிலும் கரோலுக்குப் பங்கு உண்டு. எந்த வட்டத்திலும் சேராதவர்களை வென் எல்லையில்லாத வெளியில் விட்டுவிட்டார். கரோல் தன் படங்களை நான்கு பக்கமும் அடைத்துச் சதுரமாகப் போட்டார். சதவீதக் கணக்குக்கு இந்த அடைப்பு இல்லாமல் முடியாது. நூறு என்பது பெட்டி. வட்டங்கள் அதன் உள்ளே கிடப்பவை.

1957-இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கா தன் கணிதப் பாடத்தைப் புரட்டிப் போட்டது. இந்த வட்டங்கள் காட்டும் தொகுதிகள், அதாவது கணங்கள், ஆரம்பப் பள்ளிக்கே இறங்கின. பல நாடுகளின் பாடநூல்களில் அவை இடம்பிடித்தன. தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் சேர்ப்பு, வெட்டு, அனைத்துக்கணம் என்று உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து போட்டித் தேர்வுக் கைடுகளுக்கு ஒரே எட்டு. கணக்கில் 30 சதவீதம் பெயில், ஆங்கிலத்தில் 25, இரண்டிலும் 10. இரண்டிலும் பாஸானவர்கள் 110 பேர். மொத்தம் எத்தனை பேர்? பெயிலானவர்கள் 30 + 25 - 10 = 45 சதவீதம். மீதி 55 சதவீதம் 110 பேர் என்றால் மொத்தம் 200. அதே கேள்வியில் 'கணக்கில் பெயிலானவர்களில் 40 சதவீதம் ஆங்கிலத்திலும் பெயில்' என்று வந்துவிட்டால் இரண்டிலும் பெயில் 40 அல்ல, 30-இல் 40 சதவீதம், அதாவது 12. பாதிப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். எதில் சதவீதம் என்று கேட்காமல் பேனாவைத் தொடக்கூடாது.

பலரும் போட்டுப் பார்த்த மொழிக் கணக்கு ஒன்று. ஒரு நகரில் 85 சதவீதம் பேர் தமிழ், 40 ஆங்கிலம், 20 இந்தி பேசுகிறார்கள். தமிழும் ஆங்கிலமும் 32, தமிழும் இந்தியும் 13, ஆங்கிலமும் இந்தியும் 10. மூன்றும் பேசுபவர்கள்? தனித்தனியானவற்றைக் கூட்டினால் 145. இரண்டிரண்டாக வந்த 55-ஐக் கழித்தால் 90. நூறுக்குக் குறைவது 10. விடை 10 சதவீதம், முழு மதிப்பெண்.

ஆனால் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த, தெலுங்கு மட்டுமே பேசும் பாட்டி ஒருத்தி அந்த நகரில் இருந்தால்? மூன்றில் ஒன்றையாவது எல்லோரும் பேசுகிறார்கள் என்று கேள்வி சொல்லவில்லை; நாம் பெட்டியை வட்டங்களோடு ஒட்டிவிட்டோம். ஒட்டாமல் போட்டுப் பாருங்கள். மூன்றும் பேசுபவர்களை அ என்று வைத்தால், இந்தி மட்டும் பேசுபவர்கள் 20 - 13 - 10 + அ, அதாவது அ - 3. அது சுழியத்துக்குக் கீழே போக முடியாது. ஆகவே அ குறைந்தது 3. ஆங்கிலமும் இந்தியும் தெரிந்தவர்களே 10 என்பதால் அதற்கு மேலும் போகாது. 3 முதல் 10 வரை எதுவும் விடையாகலாம். அ 3 ஆனால் 7 சதவீதம் பேர் வட்டங்களுக்கு வெளியே நிற்பார்கள்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஒவ்வொருவரும் இவற்றில் ஒன்றையாவது பேசுவர்' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். சேர்க்க மனமில்லை என்றால், 'குறைந்தபட்சம் எத்தனை, அதிகபட்சம் எத்தனை' என்று கேளுங்கள்.