மன்சி கியர் பாக்ஸ்: எம்-20, எம்-21, எம்-22 – எது எது?

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று அலுமினியப் பெட்டிகளை ஒரு மேஜை மேல் வைத்தால், அவற்றில் எது சாதாரணம், எது அபூர்வம் என்று எப்படிச் சொல்வது? பழைய அமெரிக்கக் கார் பிரியர்கள் ஐம்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது. பி.காம். படிக்கிற எனக்கு கியர் பாக்ஸில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். கடைசி வரை படியுங்கள், இது நம்ம ஆடிட்டிங் பேப்பருக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நிற்கும் விஷயம் :-)

ஒரே ஊர், இரண்டு கம்பெனிகள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மன்சி என்று ஒரு நடுத்தர ஊர். சமூகவியல் படிக்கிறவர்களுக்கு இந்த ஊரை வேறு பெயரில் தெரியும். ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதி 1929-ல் வெளியிட்ட 'மிடில்டவுன்' என்ற புகழ்பெற்ற ஆய்வு இந்த ஊரைப் பற்றியதுதான். கார் உலகத்தில் மன்சி என்றால் கியர் பாக்ஸ். வார்னர் கியர் என்ற கம்பெனி 1901-ல் இங்கே தொடங்கியது. பிறகு அது போர்க்-வார்னரின் ஒரு பகுதியானது. ஜெனரல் மோட்டார்ஸுக்கும் இதே ஊரில் ஒரு கியர் பாக்ஸ் தொழிற்சாலை இருந்தது.

1957-ல் செவர்லே கம்பெனி தன் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கு முதன்முதலாக நான்கு ஸ்பீடு மேனுவல் கியர் பாக்ஸ் கொடுத்தது. அது போர்க்-வார்னரின் டி-10. அதாவது வெளியே காசு கொடுத்து வாங்கிய சரக்கு. 1963-ல் நிலைமை மாறியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மன்சி தொழிற்சாலையில் தானே நான்கு ஸ்பீடு பெட்டி செய்ய ஆரம்பித்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் நாம் படிக்கும் "வாங்குவதா, நாமே செய்வதா" கணக்குக்கு நல்ல உதாரணம் இது. மாற்றம் அந்த வருட உற்பத்தியின் நடுவில் நடந்ததால், 1963 கார்வெட்டில் டி-10-ம் இருக்கலாம், மன்சியும் இருக்கலாம். குழப்பம் முதல் வருடத்திலேயே ஆரம்பம்!

1974 வரை இந்தப் பெட்டிகள் கார்வெட், கமாரோ, செவெல், போன்டியாக் ஜி.டி.ஓ., ஓல்ட்ஸ்மொபில் 4-4-2 என்று பல கார்களில் போயின.

மூன்று வகை என்றால் என்ன வித்தியாசம்?

எம்-20 என்பது "அகன்ற" விகிதம், எம்-21 என்பது "நெருங்கிய" விகிதம். எம்-22 அதே நெருங்கிய விகிதத்தின் பலசாலித் தம்பி. முதல் கியரில் இஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் பின்னால் போகும் தண்டு ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் விகிதம். 1966-க்குப் பிந்திய எம்-20-ல் அது 2.52. எம்-21, எம்-22 இரண்டிலும் 2.20. (1963 முதல் 1965 வரை வந்த எம்-20-ல் 2.56.)

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? பற்களை எண்ணினால் போதும். இஞ்சினிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு கியர் இருக்கும். அது கீழே இருக்கும் கிளஸ்டர் என்ற கியர்க் கொத்தைச் சுழற்றும். கிளஸ்டரின் மறுமுனையில் உள்ள 17 பல், முதல் கியரின் 36 பல்லைச் சுழற்றும். இப்போது கணக்கு:

எம்-20 (1963-65): 29 ÷ 24 × 36 ÷ 17 = 2.56
எம்-20 (1966 முதல்): 25 ÷ 21 × 36 ÷ 17 = 2.52
எம்-21, எம்-22: 27 ÷ 26 × 36 ÷ 17 = 2.20

கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். 36-ம் 17-ம் எல்லாவற்றிலும் ஒன்றேதான். மாறுவது முன்னால் உள்ள ஜோடி மட்டுமே. அப்படியென்றால் இன்புட் ஷாஃப்ட், கிளஸ்டர் என்ற இரண்டு உதிரிப் பாகங்களை மாற்றினால் ஒரு எம்-20, எம்-21 ஆகிவிடும். வெளிப்பெட்டியில் ஒரு கீறல்கூடத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. "நெருங்கிய விகிதம்" என்று பெயர் இருந்தாலும், முதலிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் மாறும்போது எம்-20-க்கும் எம்-21-க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டிலும் இஞ்சின் வேகம் ஒரே அளவுதான் குறையும். வித்தியாசம் மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போதுதான். 6000 சுற்றில் மாற்றினால் எம்-20-ல் இஞ்சின் ஏறக்குறைய 4100-க்கு இறங்கும், எம்-21-ல் 4700-க்குத்தான் இறங்கும். பந்தயத்தில் அந்த 600 சுற்று பெரிய விஷயம். ஆனால் எம்-21-ல் முதல் கியரின் இழுவை குறைவு. அதனால் பின் அச்சில் 3.70 போன்ற பெரிய விகிதம் வைத்தால்தான் வண்டி சுலபமாகக் கிளம்பும்.

எம்-22-க்கு "ராக் க்ரஷர்" என்று பட்டப்பெயர், அதாவது கல் உடைக்கும் மெஷின். காரணம் அதன் சத்தம். சாதாரணப் பெட்டியில் கியர்ப் பற்கள் நன்றாகச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சாய்வு அதிகமானால் சத்தம் குறையும், ஆனால் கியர்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளும், சூடும் ஏறும். எம்-22-ல் சாய்வைக் குறைத்தார்கள். பக்கத் தள்ளல் குறைந்தது, வலிமை கூடியது, ஓசை வந்தது. காது கொடுத்து வாங்கிய பலம்!

வெளியிலிருந்து கண்டுபிடிப்பது

முதலில் அது மன்சிதானா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டு மூடியில் ஏழு போல்ட் இருந்து, ரிவர்ஸ் கியருக்கான நெம்புகோல் மட்டும் தனியாகப் பின்பகுதியில் இருந்தால் மன்சி. மூடியில் ஒன்பது போல்ட் என்றால் போர்க்-வார்னர். ஏழு போல்ட் இருந்தும் மூன்று நெம்புகோல்களும் மூடியிலேயே இருந்து, பெட்டி வார்ப்பிரும்பாகவும் இருந்தால் அது சாகினா என்ற விலை குறைந்த பெட்டி.

அடுத்தது வார்ப்பு எண். 3831704 என்றால் 1963. 3851325 என்றால் 1964-65. 3885010 என்றால் 1966-67. 3925660, 3925661 இரண்டும் அதற்குப் பிந்தியவை. இந்த எண் காலத்தைத்தான் சொல்லும், வகையைச் சொல்லாது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

மூன்றாவது, கிளஸ்டர் உட்கார்ந்திருக்கும் கம்பி. 1965 வரை அதன் விட்டம் 7/8 அங்குலம். 1966 முதல் 1 அங்குலம். 1965-ல் 396 கன அங்குல இஞ்சினும், 1966-ல் 427-ம் வந்த காலம் அது. இஞ்சின் பெருத்தபோது கம்பியும் பெருத்தது.

நான்காவது, இன்புட் ஷாஃப்ட்டில் நீளவாக்கில் வெட்டிய ஸ்பிளைன்கள். 1970 வரை பெரும்பாலும் 10 தடித்த ஸ்பிளைன்கள், 1971 முதல் 26 மெல்லியவை. எம்-22-ல் சில இதற்கு முன்பே 26-க்கு மாறிவிட்டன.

ஐந்தாவதுதான் எல்லோரும் முதலில் தேடுவது: அதே ஷாஃப்ட்டைச் சுற்றி வளையமாகப் போட்ட கோடுகள். 1966-க்குப் பிந்தியவற்றில் இரண்டு கோடு இருந்தால் எம்-20, ஒரு கோடு இருந்தால் எம்-21, கோடே இல்லையென்றால் எம்-22.

ஆறாவது, பெட்டியில் குத்திய தேதிக் குறியீடு. உதாரணமாக "பி 9 சி 15 பி" என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் பி மன்சியைக் குறிக்கும். 9 என்பது 1969. சி என்பது மார்ச் மாதம், 15 தேதி. கடைசி பி எம்-21. கடைசி எழுத்து ஏ என்றால் எம்-20, சி என்றால் எம்-22. ஆனால் இந்தக் கடைசி எழுத்து 1969 மாடலிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்திய பெட்டிகள் தாங்கள் யார் என்று வாய் திறப்பதில்லை. 1960-களின் பிற்பகுதியிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியையும் கியர் பாக்ஸில் குத்தினார்கள். அதை வைத்து எந்தக் காரோடு பிறந்தது என்று ஒப்பிடலாம்.

ஏன் இவ்வளவு கவலை?

பணம்தான் காரணம். கார்வெட்டில் எல்-88 என்ற பந்தய இஞ்சினுடன் வந்த மேனுவல் கியர் பாக்ஸ் எம்-22. எல்-88 கார்கள் 1967-ல் 20, 1968-ல் 80, 1969-ல் 116 மட்டுமே செய்யப்பட்டன. 2014-ல் பேரட்-ஜாக்சன் ஏலத்தில் ஒரு 1967 எல்-88 கார் 38.5 லட்சம் டாலருக்குப் போனது. எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் அந்தக் காரோடு பிறந்தவையா என்பதில்தான் இந்த மாதிரி விலைகள் நிற்கின்றன.

இப்போது மேலே சொன்ன அடையாளங்களை ஒரு ஏமாற்றுக்காரனின் கண்ணால் பாருங்கள். எண்களைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தலாம். கோடு இல்லாத ஷாஃப்ட்டில் கடைசல் மெஷினில் இரண்டு நிமிடத்தில் கோடு போடலாம். எம்-22 கியர்களைப் புதிதாகச் செய்தே விற்கிறார்கள். ஏமாற்றும் எண்ணமே இல்லாமலும் மாற்றம் நடந்திருக்கும். 1975-ல் கியர் உடைந்து மெக்கானிக்கிடம் போன வண்டிக்கு, அவர் கையில் கிடைத்த ஷாஃப்ட்டைப் போட்டு அனுப்பியிருப்பார். அன்றைக்கு அது வெறும் பழைய கார், சரித்திரம் இல்லை.

இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. எந்த அடையாளம் பார்ப்பதற்குச் சுலபமோ, அதுவே பொய் சொல்வதற்கும் சுலபம். எதை மாற்றுவது கஷ்டமோ, அதைப் பார்ப்பதும் கஷ்டம். பெட்டியைத் திறந்து பல்லை எண்ணினால் 21-ஐ 26 என்று யாரும் ஏமாற்ற முடியாது.

திறக்காமலே சோதிக்க ஒரு வழியும் உண்டு. கழற்றி வைத்த பெட்டியை முதல் கியரில் போட்டு, பின் தண்டை ஐந்து முழுச் சுற்று சுற்றுங்கள். முன் தண்டு 11 சுற்று சுற்றினால் 2.20. பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் மேலே போனால் 2.52. வண்டியிலேயே இருந்தால், முதல் கியரில் 20 மைல் வேகத்தில் இஞ்சின் சுற்றைக் குறித்துக்கொண்டு, நான்காவதில் அதே சுற்றுக்கு எத்தனை மைல் என்று பாருங்கள். நான்காவது விகிதம் 1.00 என்பதால், 50 வந்தால் எம்-20, 44 வந்தால் எம்-21 அல்லது எம்-22. டயர் அளவோ பின் அச்சோ இந்தச் சோதனையைக் கெடுக்காது. ஆனால் எம்-21-ஐயும் எம்-22-ஐயும் பிரிக்க மூடியைத் திறந்து பல்லின் சாய்வைப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்படிப் பார்த்தாலும், உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்பதுதான் தெரியும். 1967-ல் என்ன இருந்தது என்பது வேறு கேள்வி. அதற்கு வார்ப்பு எண், தேதி, கம்பி விட்டம், ஸ்பிளைன், அடையாள எண் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். காரின் உற்பத்தித் தேதிக்குப் பிறகு பிறந்த கியர் பாக்ஸ் அந்தக் காரோடு வந்திருக்க முடியாது. 7/8 அங்குலக் கம்பி உள்ள பெட்டி 1968 காருக்குச் சொந்தமாக இருக்க முடியாது.

நம்ம ஆடிட்டிங் பாடத்தில் ஒரு வவுச்சரை மட்டும் நம்பாதே, பில்லையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் பேங்க் பாஸ்புக்கையும் ஒத்துப்பார் என்று சொல்வது இதைத்தான். ஒரு தாளைப் போலியாகச் செய்வது சுலபம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து இடங்களில் ஒரே பொய்யைப் பொருந்தும்படி எழுதுவது மிகவும் கஷ்டம்.

மன்சி ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கியர் பாக்ஸ் தொழிற்சாலை 2006-ல் மூடப்பட்டது. போர்க்-வார்னர் தொழிற்சாலை 2009-ல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் கோடு போட்டதும் எழுத்துக் குத்தியதும் அன்றைய உற்பத்தி சரியாக நடக்க வேண்டும் என்பதற்காக. ஏலக்காரர்களை நினைத்து அல்ல. தொழிற்சாலை போன பிறகும் அந்தக் கோடுகள் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு நம்புவது நம் பொறுப்பு.