எரிந்ததும் எரித்ததும்

பண்ணாரி குண்டத்தில் அடுக்குகிற விறகுக்கு எங்கள் பக்கம் ‘எரிகரும்பு’ என்று பேர். நெருப்பில் நடப்பதும் நடப்பதல்ல, ‘குண்டம் இறங்குதல்’. வேறு ஊர்களில் அதுவே ‘பூமிதி’. கட்டை கரும்பாகிறது, கங்கு பூவாகிறது. ஆங்கிலத்தில் இது ‘ஃபயர்வாக்கிங்’. நெருப்பும் நடையும் மட்டும் மிஞ்ச, இறங்குகிறவளின் வேண்டுதல் சொல்லுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இதை வைத்து நம் சொல் உசத்தி, அவன் சொல் மட்டம் என்று கட்டுரையை முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழகான சொல்லும் மறைக்கும்.

‘சதி’ என்ற சமஸ்கிருதச் சொல் பத்தினிப் பெண்ணைக் குறித்தது. ஆங்கிலத்தில் அது ஒரு செயலின் பெயராயிற்று. 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் அந்தச் செயலுக்குத் தடை வந்தது. கொங்கில் அவள் ‘வீரமாத்தி’. கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். ‘உடன்கட்டை ஏறினாள்’ என்கிறது தமிழ். இந்தத் தொடரில் தீ இல்லை, மூட்டியவனும் இல்லை. ஏறியவள் அவளாம். ஆங்கிலம் பெண்ணைச் செயலாக்கியது, நாம் தெய்வமாக்கினோம். இரண்டு சொல்லாடலிலும் அவள் பேசவில்லை.

1964 ஜனவரி 25இல் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி. 1965 பிப்ரவரியில் சத்தியமங்கலம் முத்து. இந்தச் சாவுகளுக்கு ஆங்கிலம் தரும் சொல் ‘செல்ஃப் இம்மொலேஷன்’. அதன் வேர் லத்தீன் ‘மோலா’: பலி விலங்கின்மேல் தூவும் உப்பு கலந்த மாவு. அங்கே தீயே கிடையாது, பலி மட்டும்தான். தமிழில் ‘தீக்குளித்தார்’. குளிப்பு என்றதும் தூய்மை வந்துவிடுகிறது, பின்னாலேயே சீதையும் வந்துவிடுகிறாள். ஒரு சொல் பலி என்கிறது, இன்னொன்று புனிதம் என்கிறது. வாழ்ந்திருக்க வேண்டிய ஒரு இளைஞன் செத்துப்போனான் என்று இரண்டுமே சொல்லவில்லை. மொழிக்காகச் செத்தவனை மொழியே இப்படி மூடி வைத்திருக்கிறது.

இத்தனைக்கும் தமிழின் வினைச்சொல் நேர்மையானது. ஆங்கிலத்தில் வீடு எரிந்தாலும் ‘பர்ன்’, வீட்டை எரித்தாலும் ‘பர்ன்’. தமிழில் எரிந்தது வேறு, எரித்தான் வேறு. தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது ‘யார்?’ என்று கேட்கிற இலக்கணம். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் நம் செய்தித்தாள்கள் வேறு சொற்களை வைத்திருக்கின்றன: ‘தீக்கிரை’, ‘கருகிச் சாவு’, ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’. தீக்கிரை என்றால் தின்றது தீ. கொளுத்தியவன் வீட்டுக்குப் போய்விடலாம்.

1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் ‘எரியவில்லை’, எரிக்கப்பட்டார்கள். 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 304பி பிரிவு, திருமணமாகி ஏழாண்டுக்குள் தீக்காயத்தால் ஒரு பெண் செத்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்தது என்று தெரிந்தால், கொடுமை செய்த கணவனோ உறவினரோ அந்தச் சாவுக்குக் காரணம் எனக் கருதச் சொன்னது. வெடித்த ஸ்டவ்வுக்குச் சட்டம் ஒரு எழுவாயைத் தேடிக் கொடுத்த தருணம் அது.

என் பாட்டி விளக்கை ‘அணை’ என்று சொல்லமாட்டாள். ‘குளிர வை கண்ணு’ என்பாள். மங்கலம் பார்க்கிற வாய்தான். ஆனால் பக்கத்து ஊரில் சாளை எரிந்துபோச்சு என்று யாராவது வந்து சொன்னால் அந்த வாய் இலக்கணத்தை விடாது:

“எரிஞ்சுதா, எரிச்சாங்களா?”