எள்ளுத்தாத்தாவின் கடையைத் தேடி

அண்ணா சாலையில் உள்ள ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் வெண்ணிறக் கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டு வெறுங்கையுடன் வெளியே வந்த நாட்கள் நம் குழுவினருக்கு மிகக் குறைவு. அங்கு வாங்கிய நூல்களைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறோம். கடையை நிறுவியவரைப் பற்றி எழுதியதில்லை. சென்ற மாதம் அந்தப் பேச்சு எழுந்தபோது, தியாகராய நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் இடைமறித்துச் சொன்னார்: "என் பாட்டனாரின் பாட்டனாரும் விக்டோரியா மகாராணி காலத்துக் கடைக்காரர்தாம். மயிலாப்பூரில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். ஹிக்கின்பாதத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அவரைப் பற்றி ஒரு வரியாவது கிடைக்குமா?"

கேள்வி நியாயமானது. ஒரே நகரம், ஒரே காலம், இரு கடைக்காரர்கள். ஒருவரைப் பற்றி என்னவெல்லாம் கிடைக்கிறது, மற்றவரைப் பற்றி என்ன கிடைக்கும் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் சென்னைக்கு வந்ததே ஒரு கதையாகத்தான் சொல்லப்படுகிறது. பயணச்சீட்டின்றிக் கப்பலில் ஒளிந்து வந்தார் என்றும், பிடிபட்டதும் சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டார் என்றும் சொல்வார்கள். இறக்கிவிட்ட கப்பல் தலைவனுக்குச் சென்னை வாசகர்கள் நன்றிக்கடன் பட்டவர்கள்! வெஸ்லியன் சபையினரின் புத்தக நிலையத்தில் நூலகராக வேலை பார்த்த அவர், நட்டத்தில் நடந்த அந்நிலையத்தை 1844இல் தாமே வாங்கித் தம் பெயரைச் சூட்டினார். 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் சென்னையின் ஷெரீப் பதவியை வகித்தார். இந்தியாவோடு தொடர்புடைய பெருமக்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். 1891இல் மறைந்தார். இன்று நாம் காணும் கட்டடம் அவர் மகன் காலத்தில், 1904இல் எழுந்தது.

இவரைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆளுநர் சர் சார்லஸ் டிரெவிலியன், 1859 மார்ச் மாதத்தில் தம் மைத்துனர் மெக்காலே பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் இக்கடையைத் தமக்கு மிகவும் பிடித்த புத்தகக் கடை என்று புகழ்ந்ததாக ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளிலும் படிக்கிறோம். டிரெவிலியன் சென்னையில் பொறுப்பேற்றது 1859 மார்ச் 28ஆம் நாள். மாதம் முடிய மூன்றே நாட்கள் எஞ்சியிருந்தன. பதவியேற்ற பரபரப்பில் மூன்று நாட்களுக்குள் ஓர் ஆளுநருக்கு விருப்பமான புத்தகக் கடை அமைந்துவிடுமா? மெக்காலே அவ்வாண்டு டிசம்பரில் இறந்தார். ஆகவே கடிதம் உண்மையாக இருந்து மாதம் மட்டும் பிறழ்ந்திருக்கலாம். கதையாகவும் இருக்கலாம். கடைக்காரரின் புகழ் வளர வளர, அவரைச் சுற்றிக் கதைகளும் வளர்வது இயல்பே. முன்னோரைத் தேடுவோர் முதலில் ஐயுற வேண்டியது எல்லாரும் சொல்லும் செய்தியைத்தான்.

கதைகளை ஒதுக்கினாலும் ஆங்கிலேயக் கடைக்காரருக்கு ஆவணங்கள் துணை நிற்கின்றன. இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்துவருகிறது. அங்கே 1841ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலிருந்து வீடு வீடாகப் பெயர்கள் கிடைக்கின்றன. 1851இலிருந்து பிறந்த ஊரும் குடும்பத் தலைவரோடு உள்ள உறவும் சேர்கின்றன. நூறாண்டு முடிந்ததும் அவை பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் வெளியாயிற்று. லண்டனிலோ லீட்ஸிலோ உள்ள ஒரு மளிகைக் கடைக்காரர் பத்தாண்டுக்கு ஒருமுறை எந்தத் தெருவில் இருந்தார், கடைப் பையன் ஒருவனை வீட்டிலேயே வைத்திருந்தாரா, எந்தக் குழந்தை அடுத்த கணக்கில் காணாமற்போயிற்று என்பதெல்லாம் தெரிந்துவிடும். திருமணப் பதிவிலோ மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். தாயர் பெயரை எழுத அங்கும் 2021 வரை இடமில்லை என்பதை நினைவிற்கொள்க.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்க்கும் இவ்வசதி தொடர்ந்தது. சென்னை மாகாணத்துப் பாதிரியார்கள் நடத்திய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதல் தொடங்கும் அந்தத் தொகுதிகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதியை இணையத்திலேயே தேடலாம். கோட்டைக்குள் உள்ள புனித மரியன்னை ஆலயத்தில் 1753இல் ராபர்ட் கிளைவ் மணம் புரிந்ததைப் பதிவேடு சொல்கிறது. அதே முறையில்தான் கடிகாரம் பழுதுபார்த்தவனும் மது விற்றவனும் அப்பதிவேடுகளில் நிலைத்திருக்கிறார்கள். பதிவேடு தவறினாலும் கல்லறை இருக்கிறது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தேடித் தொகுத்து 1905இல் வெளியிட்டார்.

இனி மயிலாப்பூருக்கு வருவோம்.

நம் நண்பரின் எள்ளுத்தாத்தாவைக் குடிக்கணக்கு எடுப்போர் சந்திக்காமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1871இல் கணக்கெடுத்தார்கள். நாடு முழுவதும் ஒரே இரவில் எடுக்கப்பட்ட கணக்கு 1881 பிப்ரவரி 17ஆம் நாளுக்குரியது. அடுத்தது 1891 பிப்ரவரி 26. ஒவ்வொரு முறையும் ஒருவர் பட்டியலோடு வந்து பெயர், வயது, சாதி, தொழில் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். 1871இல் சென்னை நகரின் மக்கள்தொகை 397,552. 1881இல் 405,848. 1891இல் 452,518. அந்த எண்களுக்குள் நம் மளிகைக் கடைக்காரர் இருக்கிறார். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டி முடித்ததும் பெயர்கள் இருந்த தாள்களை அழித்துவிட்டார்கள். அரசுக்கு வேண்டியது எத்தனை வணிகர், எத்தனை நெசவாளர் என்ற தொகை மட்டுமே. ஆங்கிலேயன் தன் நாட்டில் மனிதர்களை எண்ணிப் பெயர்களைப் பாதுகாத்தான். இங்கே எண்ணிவிட்டுப் பெயர்களை எரிபொருளாக்கினான் என்று சொன்னால் மிகையாகாது. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லத் தயங்கினால் வெறுமனே 'பெண்' என்று குறித்துக்கொண்டால் போதும் என்று அன்று விதியும் இருந்தது. ஆகவே தாள்கள் தப்பியிருந்தாலும் எள்ளுப்பாட்டியின் பெயர் அதில் இருந்திருக்குமா என்பது ஐயமே.

திருமணப் பதிவும் அப்படியே. சாந்தோமைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பமாக இருந்தால் தேவாலயத்து ஏடு இருக்கும். மயிலைக்கென்று 1606இலேயே தனி மறைமாவட்டம் அமைந்த ஊர் அது. செட்டிநாட்டு நகரத்தாராக இருந்தால் திருமணத்தின்போது எழுதும் 'இசைகுடிமானம்' என்ற ஒப்பந்த ஓலையும், மணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கொள்ளும் கோயில் கணக்கும் உதவும். தமிழ்க் குடிகளில் இத்தனை சீராகத் திருமணத்தைக் கணக்கில் வைத்தவர் வேறு எவரும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மற்ற இந்துத் திருமணங்களுக்கு அக்கினியே சாட்சி. அக்கினி எதையும் எழுதி வைப்பதில்லை! எல்லாத் திருமணங்களையும் பதிந்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2009இல்தான்.

இவ்வளவையும் கேட்ட நண்பர் சற்றே சோர்ந்துபோனார். பிறகு வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய பேரேட்டைக் கொண்டுவந்தார். பழுப்பேறிய தாள்கள். அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், யார் பெயரில் எவ்வளவு கடன் என்று தமிழ் எண்களில் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கடைக்காரரின் பெயர், 'கர வருஷம்'. அவ்வளவுதான்.

தமிழ் வருடப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. கர வருடம் 1831-32லும் வந்தது, 1891-92லும் வந்தது, 1951-52லும் வந்தது. முதலாவது மிக முந்தியது என்று தள்ளிவிடலாம். மற்ற இரண்டில் எது? பெயர் இருக்கிறதே என்பீர்கள். சிக்கலே அங்குதான். பேரன் என்றாலே பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்றுதான் பொருள். இக்குடும்பத்தில் அவ்வழக்கம் சற்றும் வழுவவில்லை. எள்ளுத்தாத்தாவின் பெயரே நண்பரின் தாத்தாவுக்கும். அதே பெயர்தான் நம் நண்பருக்கும்! தந்தையரின் பெயர்களும் அவ்வாறே மாறிமாறி வருவதால், 'இன்னார் குமாரர் இன்னார்' என்று முழுமையாக எழுதினாலும் இருவரும் ஒருவராகவே தெரிவார்கள். 1951இல் தாத்தாவும் கடையில் உட்கார்ந்திருந்தவர். ரூபாய், அணா, பைசா என்ற கணக்கும் 1957 வரை மாறவில்லை.

குழுவில் ஒருவர் வழி சொன்னார். பேரேட்டில் மாதமும் தேதியும் மட்டுமின்றிச் சில பக்கங்களில் கிழமையும் குறிக்கப்பட்டிருந்தது. அறுபது ஆண்டு கழித்து அதே தமிழ்த் தேதி அதே கிழமையில் வருவதில்லை. ஐந்தாறு நாட்கள் தள்ளியே வரும். இரு ஆண்டுகளின் பஞ்சாங்கத்தையும் கணித்து ஒப்பிட்டோம். ஏழு பக்கங்களில் ஆறு, 1891க்கே பொருந்தின. ஏழாவதில் கடைக்காரரே கிழமையைத் தவறாக எழுதியிருக்க வேண்டும். யாரோ கடன் கேட்டு அவசரப்படுத்தியிருப்பார்கள்.

அடுத்தது பத்திரம். நம் ஊர்க் கடைக்காரருக்குக் குடிக்கணக்கும் திருமணப் பதிவும் ஆக நிற்பது சொத்துப் பத்திரம் ஒன்றே என்பது இத்தேடலில் நாம் கண்டது. ஆவணப் பதிவுச் சட்டம் 1860களில் வந்தது. அதன்பின் நிலம், வீடு, கடை எதைப் பற்றிய பத்திரம் பதியப்பட்டாலும் அதன் முழு வாசகமும் பதிவு அலுவலகப் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டது. பெயர் வரிசையில் ஓர் அட்டவணை, சொத்து வரிசையில் ஓர் அட்டவணை என இரண்டும் எழுதி வைக்கப்பட்டன. வில்லங்கச் சான்றுக்காக அலைந்த அனுபவம் உள்ளவர்கள் இதை அறிவார்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குக் கையெழுத்து ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். பொறுமையும் தும்மலைத் தாங்கும் மூக்கும் தேவை. சென்னை நகரத்தில் எழுதப்பட்ட இந்துக்களின் உயில்களும் 1870ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் உயர் நீதிமன்றத்துக்கு வரத் தொடங்கியதால் அங்கும் பார்க்கலாம்.

நண்பர் வீட்டிலேயே பத்திரம் ஒன்றின் படி இருந்தது. கடையை அடமானம் வைத்த பத்திரம். எழுதிக்கொடுத்தவரின் பெயர், தகப்பனார் பெயர், மதம், 'வியாபார ஜீவனம்' என்ற அழகான தொடர், பிறகு நான்கெல்லை. கிழக்கே இன்னார் வீடு, தெற்கே சந்து, மேற்கே கிணறு, வடக்கே வீதி. அந்தக் கிணறு இன்று ஒரு கைப்பேசிக் கடைக்கு அடியில் இருக்கலாம். நான்கெல்லையைப் படிக்கையில் ஒரு மனிதர் தம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து நம் கண்முன் எழுந்து நிற்கிறார். எந்தக் குடிக்கணக்கும் இதைத் தராது. நண்பர் இன்று குடியிருக்கும் தியாகராய நகரோ அப்போது இல்லவே இல்லை. அவ்விடத்தில் நீண்ட ஏரி அலையடித்துக்கொண்டிருந்தது. 1920களில் அதைத் தூர்த்த பின்னரே நகர் எழுந்தது. எள்ளுத்தாத்தாவின் வாடிக்கையாளர் எவரும் அத்திசையிலிருந்து வந்திருக்க முடியாது, நீந்தி வந்தாலன்றி.

இத்தனை கிடைத்தும் நண்பர் முகத்தில் முழு நிறைவு இல்லை. "பாட்டியின் பெயர்?" என்றார். பேரேட்டில் இல்லை. பத்திரத்தில் இல்லை. கடையில் அவர் பொட்டலம் மடித்திருப்பார், கணவர் வெளியூர் போன நாட்களில் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பெயர் மட்டும் எங்கும் இல்லை.

அமாவாசையன்று தர்ப்பணம் செய்கையில் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என மூன்று தலைமுறை ஆடவர் பெயரையும், அதுபோலவே தாய் வழியாக அல்லாமல் தந்தை வழியிலேயே மூன்று தலைமுறைப் பெண்டிர் பெயரையும் சொல்வது வழக்கம். தந்தை இருக்கும்வரை அவர்தாம் செய்வார். அவர் மறைந்ததும் மகன் செய்யத் தொடங்குவான். அன்று மகனின் பட்டியலில் தந்தை நுழைவார். பட்டியலின் கடைசியில் இருந்தவர்கள் வெளியேறுவார்கள். நண்பரின் தந்தை மறைந்தபோது அப்படி வெளியேறியவர்கள்தாம் மயிலாப்பூர்க் கடைக்காரரும் அவர் மனைவியும். அதுவரை மாதந்தோறும் அவர்கள் பெயர் அந்த வீட்டில் ஒலித்திருக்கிறது.

இதை நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே நண்பர் எழுந்து உள்ளே போனார். தந்தையார் பயன்படுத்திய பழைய பஞ்சாங்கங்கள் பூசை அலமாரியில் கட்டாக இருந்தன. மூன்றாவதன் பின்னட்டையின் உட்புறத்தில், புரோகிதர் வராத நாட்களுக்காகத் தந்தையார் பென்சிலால் ஆறு பெயர்களை எழுதி வைத்திருந்தார். ஆறாவது பெயரை நண்பர் இருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு அந்தப் பஞ்சாங்கத்தைப் பேரேட்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு துணியில் சுற்றினார்.