ஐரோப்பியக் கோப்பையின் முதற் பருவம்

இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியும் ஐரோப்பாவில் ஒரு நாட்டார் மற்றொரு நாட்டுக்குச் செல்வது எளிய காரியமாக இருக்கவில்லை. கண்டத்தின் கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிக்கொண்டிருந்தன. சில அரசுகள் வேறு சில அரசுகளை அங்கீகரிக்கவே மறுத்தன. அத்தகைய காலத்தில், 1955 செப்டம்பருக்கும் 1956 ஜூனுக்கும் இடையே, பதினாறு கால்பந்துக் கழகங்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் சென்று ஆடின. சாம்பியன் கழகங்களின் ஐரோப்பியக் கோப்பை என்ற பெயரில் தொடங்கிய அப்போட்டியே 1992 முதல் சாம்பியன்ஸ் லீக் என வழங்குகிறது. இன்று அதன் பெயரைக் கேளாத விளையாட்டு அன்பர் அரியர். அதன் முதற் பருவத்தை அறிந்தவரும் அரியரே. அதை அரசுகள் தொடங்கவில்லை, விளையாட்டுச் சங்கங்கள் தொடங்கவில்லை. ஒரு செய்தித்தாள் தொடங்கிற்று என்பதே நாம் இங்குக் கருதப் புகுவது.

வாதம் ஒன்றிலிருந்து பிறந்தது அது. 1954 டிசம்பர் 13-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரில், அவ்வூர்க் கழகம் ஹங்கேரியின் ஹோன்வேட் கழகத்தை எதிர்த்து மின்விளக்கொளியில் ஆடியது. ஹங்கேரியர் சாமானியர் அல்லர். 1953 நவம்பரில் லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்றும், ஆறு மாதம் கழித்துப் புடாபெஸ்ட்டில் 7-1 என்றும் முறியடித்த தேசிய அணியினருள் புஷ்காஷ் உட்படப் பலர் ஹோன்வேட்டைச் சேர்ந்தவர்கள். இடைவேளையின்போது அவர்களே 2-0 என முன்னணியில் நின்றனர். சேறாகிவிட்ட மைதானத்தில் பிற்பாதியில் ஆட்டம் திரும்பிற்று. வுல்வர்ஹாம்டன் 3-2 என வென்றது. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகை உலகில் அக்கழகத்தை உலகச் சாம்பியன் என்றே முழங்கினர். வெம்பிளியில் பட்ட புண் அத்துணை ஆழமானது போலும். ஒரு நட்பாட்டத்தின் வெற்றியே அதற்கு மருந்தாயிற்று.

பாரிஸிலிருந்து வெளிவரும் ‘லெகிப்’ என்னும் விளையாட்டு நாளிதழில் கால்பந்துப் பகுதியைக் கவனித்து வந்தவர் கப்ரியேல் ஆனோ. முன்னாளில் பிரான்ஸ் நாட்டு அணியில் ஆடியவர். ஆங்கிலேயரின் முழக்கத்தை அவர் ஏற்கவில்லை. வுல்வர்ஹாம்டன் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் சென்று ஆடிக் காட்டட்டும், பிறகு பேசுவோம் என எழுதினார். மிலான், ரியல் மாட்ரிட் போன்ற கழகங்கள் இருப்பதையும் நினைவூட்டினார். தன் வீட்டு முற்றத்தில் சிலம்பம் சுழற்றுபவனை ஊர் வீரன் என்று ஒப்புமா? வெளியூர்க் களத்திலும் அவன் ஆடிக் காட்ட வேண்டும் அன்றோ? ஆனோ கேட்டது இதைத்தான்.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. மத்திய ஐரோப்பாவில் 1927 முதலே மித்ரோபா கோப்பை என்றொரு கழகப் போட்டி நடந்து வந்தது. 1948-இல் சிலி நாட்டின் சான்டியாகோவில் தென் அமெரிக்கக் கழகங்கள் ஏழு மோதிய போட்டியையும் ஆனோவின் துணையாளர் ஜாக் ஃபெர்ரான் அறிந்திருந்தார். வார நடுவில் ஆட்டம் நடந்தால் வார நடுவில் பத்திரிகை விற்கும் என்ற வணிகக் கணக்கும் லெகிப் அலுவலகத்தில் இல்லாமல் இல்லை. அதனால் அவர்கள் செய்த காரியத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் 1954 ஜூனில்தான் பிறந்திருந்தது. அந்த இளங்குழவி இப்பாரத்தைச் சுமக்கத் தயங்கிற்று. பத்திரிகை காத்திருக்கவில்லை, தானே கழகங்களைத் தேர்ந்து அழைப்பு விடுத்தது. 1955 ஏப்ரல் 2, 3 தேதிகளில் அவற்றின் பிரதிநிதிகள் பாரிஸில் கூடிப் போட்டிக்குழு ஒன்றை அமைத்தனர். பிரெஞ்சுக்காரர் ஒருவர் தலைவர். துணைத் தலைவர் இருவருள் ஒருவர் பிராங்கோ ஆண்ட ஸ்பெயினைச் சேர்ந்த ரியல் மாட்ரிட் தலைவர் சான்டியாகோ பெர்னபேயு. மற்றவர் கம்யூனிஸ்ட் ஹங்கேரியின் குஸ்டாவ் செபெஷ். வேறெந்த அவையிலும் இவ்விருவரை அருகருகே அமர்த்தியிருக்க முடியுமா என்பது ஐயமே. மே மாதத்தில் சர்வதேசக் கால்பந்து சம்மேளனம் சில நிபந்தனைகளோடு இசைவளித்தது. ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் பொறுப்பை ஏற்றது.

கழகங்களைத் தேர்ந்தது பத்திரிகையாதலால் சாம்பியன் என்ற பெயருக்கும் வந்து சேர்ந்தவர்க்கும் முழுப் பொருத்தம் இல்லை. பதினாறில் ஏழே அவ்வாண்டுத் தேசியச் சாம்பியன்கள். ஸ்காட்லாந்தின் சாம்பியன் அபர்டீன். ஆடச் சென்றதோ அந்நாட்டு லீக்கில் ஐந்தாம் இடம் பெற்ற ஹிபர்னியன். இங்கிலாந்தின் செய்தி இன்னும் வியப்பானது. அந்நாட்டுச் சாம்பியனான செல்சி அழைப்பை ஏற்றது. அதற்கு எதிராளியும் குறிக்கப்பட்டாயிற்று. ஆனால் உள்நாட்டு ஆட்டங்களுக்கு இடையூறு நேரும் என்று லீக் நிர்வாகம் வற்புறுத்தவே செல்சி விலகிக்கொண்டது. வார்சாவின் க்வார்டியா கழகம் அவ்விடத்தை நிரப்பிற்று. உலகச் சாம்பியன் என்று உரக்கச் சொன்ன நாடு, அதைச் சோதிக்கும் நாள் வந்தபோது வீட்டிலேயே இருந்துவிட்டது.

போட்டியின் முறை எளியது. தோற்றவர் விலகும் நாக்-அவுட் ஏற்பாடு; ஆயின் ஒவ்வோர் இணையும் இரு ஆட்டங்கள் ஆட வேண்டும், ஒன்று தன் ஊரில், மற்றொன்று எதிரியின் ஊரில். இரண்டின் கோல்களையும் கூட்டி வெற்றி முடிவாகும். இறுதியாட்டம் மட்டும் ஒன்றே. ஆனோவின் வாதம் இவ்விதியிலேயே அடங்கியிருப்பதை நேயர்கள் காணலாம். 1955 செப்டம்பர் 4-ஆம் தேதி லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் கழகமும் பெல்கிரேடின் பார்ட்டிசானும் 3-3 என ஆடிய ஆட்டத்தோடு பருவம் தொடங்கிற்று. முதற் கோலை அடித்தவர் ஸ்போர்ட்டிங்கின் மார்ட்டின்ஸ்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இக்கழகங்களின் பெயர்களில் ஓர் ஈடுபாடு உண்டு. ஹோன்வேட் என்றால் தாயகம் காப்போர். ஹங்கேரியின் சார்பில் அவ்வாண்டு சென்ற கழகம் வோரோஷ் லோபோகோ, அதாவது செங்கொடி. பழம்பெயர் பெற்ற எம்.டி.கே. கழகத்துக்கு அன்றைய ஆட்சி இட்ட பெயர் அது. பார்ட்டிசான் என்பது போர்க்காலத்தில் டிட்டோவின் கீழ்க் காடுமலைகளில் நின்று போரிட்ட வீரரின் பெயர். ரியல் என்பதோ அரசுரிமை பெற்றது எனப் பொருள்படும். இப்பெயர்களை ஒரே ஆட்டப் பட்டியலில் அச்சிட்டதே ஒரு செய்திதான்.

பதினாறில் நம் கருத்தை மிகவும் கவர்வது சார்ப்ரூக்கன். பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலுள்ள சார் என்னும் நிலக்கரிச் சிறுநாட்டின் தலைநகர் அது. போருக்குப் பின் சார் பிரான்ஸின் பாதுகாப்பில் தனியாட்சிப் பகுதியாயிற்று. அதன் கால்பந்துச் சங்கமும் 1950-இல் சர்வதேச சம்மேளனத்தில் தனி உறுப்பினராயிற்று. மக்கள் பேசியது ஜெர்மன் மொழி. கையில் புழங்கியது பிரெஞ்சு நாணயம். சார்ப்ரூக்கன் கழகம் 1948-49-இல் பிரான்ஸின் இரண்டாம் பிரிவில் விருந்தினராக ஆடி முதலிடம் பெற்றும் பிரெஞ்சுக் கழகங்கள் அதை உறுப்பாகச் சேர்க்க மறுத்தன. எங்கும் சேராத அக்கழகத்துக்கு லெகிப்பின் அழைப்பு எத்தகைய மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1955 அக்டோபர் 23-ஆம் தேதி சார் மக்கள் வாக்களித்தனர். தம் நாட்டை ஐரோப்பிய மேற்பார்வையில் தனித்து வைக்கும் திட்டத்தை நூற்றுக்கு 67-க்கு மேற்பட்டோர் நிராகரித்தனர். ஜெர்மனியோடு இணையும் வழி அதனால் திறந்தது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 1-ஆம் தேதி, சார்ப்ரூக்கன் அணியினர் இத்தாலியின் மிலான் நகரில் களமிறங்கினர். எதிரே நின்ற அணியில் உருகுவேயின் ஸ்கியாஃபினோ, ஸ்வீடனின் நோர்டாலும் லீட்ஹோமும் போன்ற உலகப் புகழ் பெற்றோர் விளங்கினர். ஆட்டம் முடிந்தபோது சார்ப்ரூக்கன் 4, மிலான் 3. அம்மாதம் 23-ஆம் தேதி தம் ஊரில் நடந்த மறு ஆட்டத்தில் அவர்கள் 1-4 எனத் தோற்றுப் போட்டியினின்றும் விலகினர். ஆயினும் மிலானை மிலானிலேயே வென்ற புகழ் அவர்களுடையது.

கால் இறுதியில் ரியல் மாட்ரிட்டும் பார்ட்டிசானும் மோதின. ஸ்பெயினுக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் தூதுவர் உறவே இல்லை. அது ஏற்பட்டது 1977-இல்தான். எனினும் அனுமதி கிடைத்தது. கிறிஸ்துமஸ் நாளன்று மாட்ரிட்டில் ரியல் 4-0 என வென்றது. முடிந்தது என்றே எல்லோரும் எண்ணியிருப்பர். 1956 ஜனவரி 29-ஆம் தேதி பெல்கிரேடில் மைதானமெங்கும் பனி. வெயில் நாட்டு ஆட்டக்காரர் வழுக்கித் தடுமாற, பார்ட்டிசான் மூன்று கோல் அடித்தது. ரியல் ஒன்றும் அடிக்கவில்லை. மொத்தம் 4-3. இன்னும் ஒரு கோல் விழுந்திருந்தால் இருவரும் சமம். பிற்காலத்தில் இக்கோப்பையை, 2024 முடிய, பதினைந்து முறை வென்ற கழகம் அன்று அந்தப் பனியில் ஒரு கோல் வித்தியாசத்தில் உயிர் தப்பிற்று.

பிற ஆட்டங்களைச் சுருங்கச் சொல்லலாம். ஸ்வீடனின் யூர்கோர்டன் கழகம் தன் நாட்டுக் குளிர்காலத்தால் சொந்த ஊரில் ஆட இயலாமல், ‘தன் ஊர்’ ஆட்டத்தை எதிரியான ஹிபர்னியனின் ஸ்காட்லாந்திலேயே, கிளாஸ்கோவில் ஆடித் தோற்றது. பிரான்ஸின் ரெய்ம்ஸ் கழகம் செங்கொடியை 4-2, 4-4 என்ற கோல் மழையில் கடந்து, அரை இறுதியில் ஹிபர்னியனையும் வென்றது. ரியல் மாட்ரிட் மிலானை மொத்தம் 5-4 என்று வென்றது.

1956 ஜூன் 13-ஆம் தேதி பாரிஸின் பார்க் தெ பிரான்ஸ் மைதானத்தில் ஏறக்குறைய 38,000 பேர் முன்னிலையில் இறுதியாட்டம் நடந்தது. பத்து நிமிடத்துக்குள் லெப்லோன், தாம்ப்ளான் இருவரும் கோல் அடிக்க ரெய்ம்ஸ் 2-0. அர்ஜென்டினாவில் பிறந்த டி ஸ்டெஃபானோ ஒன்றைத் திருப்பினார். அந்நாட்டிலேயே பிறந்த ரியால் அரைமணி நேரத்துக்குள் சமன் செய்தார். பிற்பாதியில் இதால்கோ மீண்டும் ரெய்ம்ஸை முன்னேற்றினார். ஐந்து நிமிடத்தில், தடுப்பு வரிசையில் நிற்க வேண்டிய மார்க்கிட்டோஸ் முன்னே ஓடிவந்து 3-3 ஆக்கினார். 79-ஆம் நிமிடத்தில் ரியால் அடித்த கோலே முடிவானது. ரெய்ம்ஸின் உயிர்நாடியான கோபா, போலந்திலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் வந்தவர். அன்று தோற்ற அணியில் நின்ற அவர், வென்ற கழகத்துக்குச் செல்ல முன்பே இசைந்திருந்தார். அடுத்த மூன்றாண்டும் ரியல் மாட்ரிட்டோடு கோப்பையை ஏந்தினார். 1959 இறுதியில் அவர் எதிர்த்து ஆடியது ரெய்ம்ஸையே.

இருபத்தொன்பது ஆட்டங்களில் 127 கோல்கள் விழுந்த பருவம் அது. அடுத்த பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட், லீக் நிர்வாகத்தின் மனக்குறையைப் பொருட்படுத்தாமல் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்து வீட்டை விட்டு வெளியே வந்தது. ஹோன்வேட்டும் அவ்வாண்டு வந்தது. ஆனால் 1956 அக்டோபரில் புடாபெஸ்ட்டில் கிளர்ச்சி மூண்டு சோவியத் படைகளால் அடக்கப்பட்டமையால், டிசம்பரில் தன் ஊர் ஆட்டத்தை பிரஸ்ஸல்ஸில் ஆட வேண்டியதாயிற்று. புஷ்காஷ் நாடு திரும்பவில்லை. 1958-இல் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்து, 1960 இறுதியாட்டத்தில் தனியொருவராக நான்கு கோல் அடித்தார்.

1957 ஜனவரி 1-ஆம் தேதி சார் மேற்கு ஜெர்மனியின் ஒரு மாநிலமாயிற்று. அதன் கால்பந்துச் சங்கம் சர்வதேச உறுப்புரிமையை இழந்தது. சார் என்னும் நாட்டின் பெயரால் ஒரு கழகம் ஐரோப்பியக் கோப்பையில் ஆடியது, மிலானோடு ஆடிய அந்த இரண்டு ஆட்டங்கள் மட்டுமே.