திருவாச்சியைத் திறந்த ரம்பம்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை வெள்ளிமலையில் என் பெரியப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கி, சின்னசேலம் பக்கத்துப் பட்டறைகளில் காலமெல்லாம் உழைத்தவர். “உளியைப் பத்திச் சொல்லியிருப்பாங்க. ரம்பத்தைப் பத்தி யாராச்சும் சொன்னாங்களாப்பா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மதுரையில் கோயில் வேலையோடு வளர்ந்த கலை, பிழைப்புக்காக இடம்பெயர்ந்த கைகளோடு இந்தப் பக்கம் வந்தது என்பார்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் அது ஊன்றியது. குறியீட்டுக்காக முயன்றது பூம்புகார் நிறுவனம். சிற்பம் என்றதும் எல்லோருக்கும் உளியும் கொட்டாப்புளியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சாமிக்குப் பின்னால் நிற்கும் திருவாச்சியில், கொடிக்கும் கொடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதே, அந்த இடத்தை முதலில் திறந்தது சின்ன ரம்பம்.

பெரியப்பா செய்யும் முறை இது. வாகைப் பலகையில் கோலத்தை வரைவார். எடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் துறப்பணத்தால் ஒரு துளை போடுவார். வில்லாக வளைந்த சட்டத்தில் அலகின் ஒரு நுனியைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி முறுக்கிப் பூட்டுவார். பல் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும், இழுக்கும்போதுதான் வெட்டும். தள்ளும்போது வெட்டவிட்டால் மெல்லிய அலகு மடங்கி ஒடிந்துவிடும். கூர்மையான வளைவு வந்தால் ரம்பத்தை நின்ற இடத்திலேயே ஏற்றி இறக்கியபடி பலகையைத்தான் திருப்புவார். ஒவ்வொரு துளைக்கும் கழற்றிப் பூட்ட வேண்டும். உளி வேலை அதற்கப்புறம்தான்.

இந்தச் சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் விளிம்பிலிருந்து உள்ளே போகலாம். அகலமான கதவின் நடுவே பூட்டுக்குத் துளை வெட்ட, நுனி கூம்பிய தனி ரம்பம் வேண்டும். அதற்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு, அதனால் அலகு தடிமன். சன்னமான வளைவு அதில் வராது.

1940-களில் சுவிட்சர்லாந்தின் சிந்தில்லா நிறுவனப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன், தையல் மிஷினில் ஊசி இருந்த இடத்தில் ரம்ப அலகைப் பூட்டினார். கையில் பிடிக்கும் மின்சார ஜிக்சா அப்படித்தான் பிறந்தது. நம் பட்டறைகளுக்கும் அது வந்துவிட்டது. முதுகுவலியைக் குறைக்கும் கருவியை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் பழைய சட்டங்கள் காயலான் கடைக்குப் போவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ரம்பம் ஒன்று கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அதைப் பிடிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே, ஒரு பலகையை அறுத்துக் காட்டச் சொல்லிப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.